கணக்கப்பிள்ளையின் ஏடு

போர்த்துகல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் 4,000 பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. முத்துக்குளித்துறையில் பரதவர்கள் போர்த்துகீசியருக்குக் கட்டிய வரியிலிருந்து எடுத்த பணம் அது. 1542இல் அந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அந்தத் தொகையைத் தம் வேலைக்கென்று கேட்டு வாங்கினார். ஊர்தோறும் ஓர் ஆளை நியமித்தார். சிறுவர்களுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பது, குருவானவர் இல்லாத நாட்களில் சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, கோவிலைக் கவனித்துக்கொள்வது ஆகியவை அந்த ஆளின் வேலைகள். சம்பளம் காலணிப் பணத்திலிருந்து போயிற்று. சவேரியாரின் கடிதங்களில் இந்த ஆட்களைக் குறிக்கும் ஒரு சொல் போர்த்துகீசிய எழுத்தில் சிதைந்து ‘கனக்கப்போலே’ என்று நிற்கிறது. அது நம் கணக்கப்பிள்ளைதான்.

செபம் சொல்லிக்கொடுப்பவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் ஒரே பெயர் அமைந்ததை நான் தற்செயலாக நினைக்கவில்லை. தமிழில் ஒரு கத்தோலிக்கச் சமூகத்தைக் குறிக்கும் சொல்லே ‘பங்கு’. அந்த ஊரின் குரு பங்குத்தந்தை. மக்கள் பங்கு மக்கள். அதே ஊரின் கடற்கரையில் மீனை விற்று, செலவைக் கழித்து, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். கடலோர ஊர்களில் இந்த இரண்டு பங்குகளும் சேர்ந்தே வளர்ந்தன. ஆகவே தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கடற்கரைப் பங்குகளை வைத்து ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். ஒரு பங்கின் ஆண்டு எப்படி நகர்கிறது, அதன் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும்போதெல்லாம் அடியில் வந்து நிற்கும் கேள்வி அது: கடல் தரும் நட்டத்தை யார் தாங்குகிறார்கள்?

பரதவர்கள் 1530களின் பிற்பகுதியில் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றவர்கள். முத்துக்குளிப்பு உரிமைக்கான சண்டையில் போர்த்துகீசியரின் பாதுகாப்பைத் தேடியே அந்த முடிவை எடுத்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் காரணம். தனி ஆளாக மனம் மாறி வந்த கிறிஸ்தவம் அன்று; ஒரு சாதி, அதன் தலைவர்களோடும் கட்டுப்பாடுகளோடும் அப்படியே கோவிலுக்குள் வந்தது. அதனால் பொதுப் பணம் என்ற கருத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. சவேரியாருக்குப் பின் வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் காலத்தில் புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனை மக்கள் தந்த பணத்தில் நடந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற சிறு நூலுக்கான செலவிலும் பரதவர்களின் கொடை உண்டு. தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கப் பக்கத்திலேயே ஒரு பங்குச் சமூகத்தின் வரவு செலவு இருக்கிறது. இதைப் பள்ளியில் யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

தூத்துக்குடி பனிமய மாதா ஆலயத்தின் தங்கத்தேர் இந்தப் பொதுப் பணத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1806இல் அதைச் செய்து கொடுத்தவர் பரதவரின் சாதித்தலைவர் தொன் கபிரியேல் தக்குருஸ் வாஸ் கோமஸ். ஆண்டுதோறும் ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்டு 5இல் திருவிழா நிறைவுறும். தங்கத்தேர் மட்டும் சிறப்பு ஆண்டுகளில்தான் ஓடும். 2013இல் ஓடியது, பிறகு 2023இல் ஓடியது. கோவிலுக்குப் பெருங்கொடை கொடுப்பவர் ஊரில் தம் தலைமையை நிலைநாட்டுகிறார் என்பதை வரலாற்றாசிரியர் சூசன் பெய்லி பரதவர் பற்றிய தம் ஆய்வுகளில் விரிவாக எழுதியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதித்தலைவருக்கும் மறைபணியாளர்களுக்கும் கோவில் மரியாதைகள் பற்றி நடந்த வழக்குகளும் சண்டைகளும் இதன் தொடர்ச்சியே. கொடுத்தவருக்குச் சொல்லுரிமை உண்டா? கொடுத்த பிறகு பணம் யாருடையது? இந்த இரண்டு கேள்விகளும் இன்றும் எந்தப் பங்குப் பேரவைக் கூட்டத்திலும் ஏதோ ஒரு வடிவத்தில் எழும்.

பெருங்கொடை அபூர்வம். பங்கை நாள்தோறும் நடத்தியது மீன்.

கோவிலுக்குரிய மீன்பங்கை வசூலிக்கும் முறைக்குக் கன்னியாகுமரிக் கரையில் குத்தகை என்று பெயர். தூத்துக்குடிப் பக்கம் தெறிப்பு என்ற சொல்லும் உண்டு. அடிப்படை எளிது: கரைக்கு வரும் ஒவ்வொரு பாட்டிலும், அதாவது பட்ட மீனிலும், ஒரு பகுதி கோவிலுக்கு. எவ்வளவு என்பது ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும். சுறாவின் துடுப்பைத் துவி என்பார்கள். அதற்கு நல்ல விலை உண்டு. சில ஊர்களில் துவியே கோவிலுக்கு உரியது என்று வைத்திருந்தார்கள், அதுதான் துவிக்குத்தகை.

பாட்டில் பங்கு என்பதில் ஒரு நீதி இருக்கிறது. மீன் அதிகம் பட்டால் கோவிலுக்கும் அதிகம். வலை வெறுமையாக வந்தால் கோவிலுக்கும் வெறுமை. மாதாவும் ஊரோடு சேர்ந்து பட்டினி கிடப்பாள். மழை பொய்த்த ஆண்டில் நிலவரியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி உழவன் மனுப் போட வேண்டும். இங்கே அந்த மனுவுக்கே வேலையில்லை, தள்ளுபடி முறைக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் நாள்தோறும் கரையில் நின்று ஒவ்வொரு கட்டுமரத்திலும் பங்கு எடுப்பது யார்? பங்குத்தந்தை நிற்க முடியாது. கணக்கப்பிள்ளை ஒருவர் போதாது. ஆகவே வசூல் உரிமையை ஆண்டுக்கு ஒருமுறை ஏலம் விட்டார்கள். கூடுதலாகக் கேட்டவர் கோவிலுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு, ஆண்டு முழுதும் கரையில் மீன் எடுத்துக்கொள்வார். கோவிலுக்கு நிச்சயமான வருமானம் கிடைத்தது. அதைக் கொண்டு கட்டடம் கட்டலாம், பள்ளி நடத்தலாம், உபதேசியாருக்குச் சம்பளம் போடலாம். ஆனால் கடலின் நட்டத்திலிருந்து கோவில் அன்றே விலகிக்கொண்டது. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை மீட்டாக வேண்டும். கையில் முதல் உள்ளவர்தான் ஏலம் எடுக்க முடியும். ஊரில் முதல் உள்ளவர் பெரும்பாலும் வியாபாரி, அல்லது வட்டிக்குக் கொடுப்பவர். மீனவன் கடன்பட்டிருந்த அதே ஆள் கோவிலின் பெயரால் அவன் மரத்தருகே வந்து நின்றார். கோவில் பங்கைக் கொடுப்பதில் தயங்காதவனுக்கும் அந்த ஆளுக்குக் கொடுப்பதில் கசப்பு இருந்திருக்கும்.

ஆய்வாளர் அஜந்தா சுப்பிரமணியன் 2009இல் வெளியான ‘ஷோர்லைன்ஸ்’ நூலில் கன்னியாகுமரிக் கடற்கரையை ஆராய்கிறார். அங்கே திருச்சபை சமய நிறுவனமாக மட்டும் இயங்கவில்லை, வரி வாங்கும், வழக்குத் தீர்க்கும், ஊருக்காக அரசோடு பேசும் அதிகாரமாகவும் இருந்தது என்று காட்டுகிறார். இந்தக் கண்ணோட்டத்தை நான் ஏற்கிறேன். ஒரு நகரப் பங்கில் கோவிலுக்குப் பணம் தர மறுத்தால் அது ஒருவரின் பக்திக் குறைவு என்று போய்விடும். கடற்கரையில் குத்தகை கொடுக்க மறுப்பது ஊரை எதிர்ப்பது. துவிக்குத்தகை பற்றி மக்களுக்கும் கோவில் நிர்வாகத்துக்கும் கடும் பூசல்கள் நடந்திருக்கின்றன. அந்தப் பூசல்களைப் பணத்தாசை என்று ஒதுக்கிப் பேசுபவர்களைக் கேட்டிருக்கிறேன். அது நியாயமன்று. விலையுள்ள உறுப்பை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உடலை மீனவனிடம் விடும் வரிக்கு எதிராக ஒருவன் குரல் எழுப்பினால், அவன் கேட்பது கணக்கு.

பின்பு கடலே மாறியது. ஐம்பதுகளுக்குப் பிறகு விசைப்படகுகள் வந்தன. முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே நடத்திய படகுக் கட்டுமான மையம் போன்ற முயற்சிகளால் கட்டுமரக்காரர்கள் கையிலும் புதுவகைப் படகுகளும் இயந்திரங்களும் வந்து சேர்ந்தன. 1980இல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, மீன் விற்பனையையும் கடனையும் வியாபாரியிடமிருந்து மீட்டுச் சங்கத்தின் கையில் வைக்க முயன்றது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், மீன் தன் ஊரில் இறங்குவது நின்றது. தூத்தூர் வட்டாரத்தின் எட்டு ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நீரோடி முதல் இரையுமன்துறை வரை வரிசையாகக் கிடக்கும் இந்த ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஆனால் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. இங்குள்ள ஆழ்கடல் மீனவர்கள் கொச்சியிலும் குஜராத் வரையுள்ள துறைமுகங்களிலும் மீனை இறக்குகிறார்கள். மீன் கொச்சியில் ஏலம் போகிறது, கோவில் எட்டு ஊர்களில் ஒன்றான வல்லவிளையில் இருக்கிறது. கரையில் நின்று பங்கு எடுக்கக் கரையில் மீன் இல்லை. வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவரின் பாட்டில் எதைப் பங்கு பிரிப்பது?

பாட்டில் பங்கு போய், தலைக்கட்டு வரி முன்னே வந்ததற்கு இதுவே பெருங்காரணம் என்பது என் முடிவு. மாதம் இவ்வளவு, திருவிழாவுக்கு இவ்வளவு, கோவில் கட்டுமானத்துக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் சம தொகை. கேட்பதற்குச் சமத்துவமாகத் தெரியும். ஆனால் படகு முதலாளிக்கும் அவர் படகில் கூலிப்பங்குக்குப் போகிறவருக்கும் ஒரே தொகை என்றால் அது இருவருக்கும் ஒரே சுமையன்று. பாட்டுப் பங்கில் நட்டத்தைக் கோவிலும் தாங்கியது. ஏலக்குத்தகையில் குத்தகைக்காரர் ஓரளவு தாங்கினார், தாங்கியதை மீனவன் தலையில் இறக்கவும் பார்த்தார். தலைக்கட்டு வரியில் முழு நட்டமும் வீட்டுக்கு உள்ளே வந்துவிட்டது. படகு ஓடாத மாதத்திலும் வரி ஓடும். சில ஊர்களில் படகுக்கு ஒரு வரி, கூலிக்காரருக்கு ஒரு வரி என்று படி வைத்திருக்கிறார்கள். கோவில் கட்டும் ஆண்டுகளில் மட்டும் பழையபடி மீன் விற்பனையில் விழுக்காடு பிடிக்கும் ஊர்களும் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் தாத்தாக்களின் பொருளாதாரத்தை மறக்கவில்லை என்றே சொல்வேன்.

வீட்டுக்குள் வந்த சுமை யார் தலையில் ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கன்னியாகுமரிக் கரையின் மீனவச் சமூகமான முக்குவரின் பெண்கள் பற்றிக் கல்பனா ராம் 1991இல் வெளியிட்ட நூல், கடலுக்குப் போகும் ஆண் கொண்டுவரும் பணத்தை வைத்து வீட்டை ஓட்டுவதும், கடன் வாங்குவதும், சீட்டுக் கட்டுவதும், வரதட்சணைக்குச் சேர்ப்பதும் பெண்களின் வேலையாக இருப்பதைப் பதிவு செய்திருக்கிறது. வரிக்கு ஆள் வரும்போது கதவைத் திறப்பவர் வீட்டுப் பெண்தான். அடகு வைக்கப்படுவது அவர் கழுத்தில் கிடப்பது. ஆனால் வரிப் புத்தகத்தில் தலைக்கட்டு என்றால் மணமான ஆண். வரி கட்டும் ஆணே ஊர்க்கூட்டத்தில் கையுயர்த்துபவன். கைம்பெண்ணுக்குப் பாதி வரி அல்லது வரி விலக்கு என்பது பல ஊர்களின் வழக்கம். அது இரக்கத்தால் வந்த வழக்கம்தான், மறுக்கவில்லை. அந்த இரக்கத்தோடு அவருடைய குரலும் பாதியாகிவிடுகிறது, அல்லது இல்லாமலே போகிறது. இதைக் கடற்கரைப் பங்குகளின் மிகப் பெரிய கணக்குப் பிழையாக நான் கருதுகிறேன். அன்பியம் என்னும் அண்டை வீட்டார் குழுக்களின் கூட்டங்களை நடத்துபவர்கள் பெண்கள். பங்குப் பேரவையில் அவர்களுக்கு இடம் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. ஊர்க் கமிட்டி இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

இந்தப் பணம் ஓராண்டில் நடக்கும் வழியைச் சொல்ல மூன்று நாட்காட்டிகள் வேண்டும். திருவழிபாட்டு ஆண்டு நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ திருவருகைக் கால முதல் ஞாயிறில் பிறக்கும். மறைமாவட்டத்துக்கு ஒப்புவிக்கும் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. கடலின் ஆண்டு காற்றையும் மீனையும் பொறுத்தது. இப்போது அதோடு மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்துகொண்டது. விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள் தடை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு கரையும் உண்டு. ஒரே மாவட்டத்தில் சின்னமுட்டம் படகுகள் ஒரு காலத்திலும் குளச்சல் படகுகள் வேறு காலத்திலும் கட்டிக்கிடக்கும். இந்த மூன்று நாட்காட்டியும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பங்கு நிர்வாகத்தின் சாமர்த்தியமெல்லாம் இவற்றை இழுத்துக் கட்டுவதில்தான் இருக்கிறது.

டிசம்பரில் சிறுவர்களும் இளைஞர்களும் கிறிஸ்து பிறப்புப் பாடலோடு வீடு வீடாகப் போவார்கள். விழும் பணத்தில் குடிலும் விளக்கும் நடக்கும். வெளித் துறைமுகங்களுக்குப் போன படகுக்காரர்கள் ஊர் திரும்பும் காலம் அது. கையில் காசு இருக்கும், நிலுவை வரி வசூலாகும், நிச்சயதார்த்தங்கள் நடக்கும். திருமண ஓலையை மூன்று ஞாயிறுகளில் கோவிலில் வாசிக்க வேண்டும். ஓலை கொடுக்கப் போகும்போது வரிப் புத்தகமும் திறக்கும் என்பது ஊரறிந்தது. பாக்கியைத் தீர்த்தால்தான் ஓலை என்று கெடுபிடி செய்யும் ஊர்களும் உண்டு. அருளடையாளத்தைப் பாக்கிக்குப் பிணையாக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஏழை என்ற காரணத்தால் எவருக்கும் அருளடையாளங்கள் மறுக்கப்படக் கூடாது என்பதில் திருச்சபைச் சட்டமும் தெளிவாக இருக்கிறது.

திருநீற்றுப் புதனோடு தவக்காலம் வரும்போது செலவு அடங்கும். திருமணம் இல்லை, ஆடம்பரம் இல்லை. நோன்பிருந்து மிச்சம் பிடித்ததை உண்டியலில் சேர்த்து ஏழைகளுக்குத் தருவது வழக்கம். பெரிய வெள்ளியன்று எடுக்கும் காணிக்கை உலகம் முழுவதும் இருந்து புனித நாட்டுக்குப் போகிறது. மாதா கோவில் முன்னே மணலில் நிற்கும் கிழவி போட்ட காசும் எருசலேம் வரை போகும். இப்படி வெளியே போகும் இன்னொரு காணிக்கை மறைபரப்பு ஞாயிற்றுடையது; அக்டோபரில் இறுதிக்கு முந்திய ஞாயிறு. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1926இல் ஏற்படுத்திய நாள் அது. அன்றைய காணிக்கை முழுவதும் வெளியே அனுப்பப்பட வேண்டியது. ஊருக்கென்று எடுக்கக் கூடாது. குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1267ஆம் எண். தேருக்குக் கொடுத்த பணத்தில் கழிப்பறை கட்டியதாகவோ, பள்ளிக்குக் கொடுத்த பணத்தில் பட்டாசு வாங்கியதாகவோ ஊரில் பேச்சு எழுந்தால், பேசுபவருக்குச் சட்டம் தெரியாமலிருக்கலாம். சட்டம் அவர் பக்கம் நிற்கிறது.

மே மாதத்தில் புதுநன்மை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். கிழக்குக் கரையில் தடைக்காலம் முடிந்து படகு இறங்கும் நேரம் அது. மேற்கில் தொடங்கும் நேரம். ஆகவே மேற்கே சீருடைக்கும் புத்தகத்துக்கும் கடன் வாங்கும் மாதம் ஜூன். அந்த மாதம் வரி கேட்பதில்லை என்று ஓர் ஊர் முடிவெடுத்தால், அந்த ஊர் கடலைப் படித்த ஊர்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மெழுகுதிரியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டம் ஒளிரும். இறந்தவர்களுக்காகப் பூசைப் பணம் வந்து குவியும். பூசைப் பணத்தைப் பற்றி வெளியே உள்ளவர்களுக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு, வேண்டிய மட்டும் வாங்கிச் சேர்க்கலாம் என்று. சட்டம் அப்படி விடவில்லை. ஒவ்வொரு கருத்துக்கும் தனித் திருப்பலி நிறைவேற்ற வேண்டும். தொகையை மறைமாநில ஆயர்கள் சேர்ந்து முடிவு செய்வார்கள். ஒரே நாளில் பல திருப்பலி வைத்தாலும் கிறிஸ்து பிறப்பு நாள் தவிர மற்ற நாட்களில் ஒன்றின் காணிக்கையை மட்டுமே குரு தமக்கு வைத்துக்கொள்ளலாம். இதோடு எண் 534 ஒரு கடமையையும் சுமத்துகிறது: ஞாயிறுதோறும் ஒரு திருப்பலியைப் பங்குத்தந்தை தம் பங்கு மக்களுக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும். அதற்கு யாரும் பணம் கட்ட வேண்டாம். வரி கட்டியவர், கட்டாதவர், ஊர்விலக்கானவர் என்று பாராமல் எல்லாருக்குமாக நடக்கும் பூசை அது. கடற்கரைப் பங்குகளில் இதை மேடையில் நின்று ஒருமுறையாவது விளக்கிச் சொன்னால் நல்லது.

ஆண்டின் பெரிய வரவும் பெரிய செலவும் திருவிழா. மணப்பாட்டில் செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருவிழா. கோட்டாற்றில் நவம்பர் 24 முதல் டிசம்பர் 3 வரை சவேரியார் திருவிழா. சிற்றூர்களிலும் கொடியேற்றம் முதல் தேர்ப் பவனி வரை பத்து நாள். ஒவ்வொரு நாளையும் ஓர் அன்பியம், ஒரு சங்கம், ஒரு தொழிற்குழு, வெளிநாட்டிலிருப்போர் குழு என்று ஏற்று நடத்தும். மறையுரைக்கு வெளியூர்க் குரு, மேளம், மின்விளக்கு, வாணவேடிக்கை, நாடகம் அல்லது இன்னிசை, கடைசியில் ஊர்கூடி உண்ணும் அசனச் சோறு. இது வீண் செலவு என்று ஆயர்களும் சீர்திருத்தம் பேசுவோரும் நீண்ட நாளாகச் சொல்லி வருகிறார்கள். வாணவேடிக்கையைப் பொறுத்தவரை அவர்களோடு நானும் நிற்கிறேன். ஆனால் முழுவதையும் வீண் என்று தள்ள மனம் வரவில்லை. பத்து மாதம் வேறு துறைமுகங்களில் மீன் இறக்குபவன் ஊருக்கு வந்து, தன் பெயர் புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்த்து, பாக்கியைக் கட்டி, தேர் வடத்தைத் தொடுவது அந்தப் பத்து நாளில்தான். திருவிழா இல்லையென்றால் வரிப் புத்தகம் வெறும் கடன் புத்தகமாகிவிடும். திருவிழாவில் நான் எதிர்ப்பது ஒன்றே: அசனத்துக்கு எல்லாரும் சமமாக உட்காருவதால் அதன் செலவையும் எல்லாரும் சமமாகக் கட்ட வேண்டும் என்பது.

வந்த பணம் எங்கே போகிறது என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம். உபதேசியார், கோவிற்பிள்ளை சம்பளம், மின்கட்டணம், பங்குத்தந்தையின் படி, மறைமாவட்டத்துக்குரிய பங்கு, அரசு சம்பளம் கிடைக்காத பள்ளி ஆசிரியர்களுக்கு ஊதியம், மருத்துவ உதவி, வழக்குச் செலவு. இவை போக மிஞ்சுவதையும், மிஞ்சாததையும் கட்டடம் விழுங்கும். பங்குத்தந்தையர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவார்கள். ஒருவர் அடிக்கல் நாட்டுவார், அடுத்தவர் கடனோடு கூரை போடுவார், மூன்றாமவர் அர்ச்சிப்பு விழா நடத்துவார்.

இத்தனை பணத்துக்கும் பொறுப்பு யார்? சட்டப்படி பங்கின் சொத்தை நிர்வகிப்பவர் பங்குத்தந்தை. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது எண் 537. ஆண்டுதோறும் ஆயருக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பதோடு, மக்கள் கொடுத்த பொருளுக்கு மக்களிடமும் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது எண் 1287. கடற்கரையில் இதற்குள் ஒரு சிக்கல். கோவில் கணக்கு வேறு, ஊர்க் கணக்கு வேறு என்று இரண்டு ஏடுகள் பல ஊர்களில் உண்டு. உண்டியலும் பூசைப் பணமும் முதல் ஏட்டில். வரியும் தண்டமும் ஏலமும் இரண்டாம் ஏட்டில், ஊர்க் கமிட்டியின் கையில். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனவன் கட்டும் தண்டம் எந்த ஏட்டில்? கட்டளை கோவிலுடையது, வசூல் ஊருடையது. இரண்டு ஏடும் ஒரே மேசையில் திறக்கப்படும் ஊரில் சண்டை குறைவு என்பது நான் பார்த்தறிந்தது. சிறுவயதில் எங்கள் ஊரில் திருப்பலி முடிந்ததும் கணக்கு வாசிப்பார்கள். பெண்கள் எழுந்து போய்விடாமல் முந்தானையால் விசிறிக்கொண்டு கடைசி வரை கேட்டுக்கொண்டிருப்பார்கள். கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. வீட்டுக்குப் போன பிறகு கேட்பார்கள்.

குடும்பப் பதிவேட்டையும் இந்தக் கணக்கின் பகுதியாகவே பார்க்கிறேன். யார் வீட்டில் எத்தனை பேர், யார் எந்தப் படகில், யார் வெளிநாட்டில் என்பதெல்லாம் வரிக்காகவும் திருமுழுக்குக்காகவும் எழுதப்படுபவை. 2017 நவம்பர் 29, 30 நாட்களில் ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த ஏடுகளின் மதிப்பு வெளியே தெரிந்தது. சின்னத்துறை, வல்லவிளை, தூத்தூர் ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்று அரசிடம் உறுதியான எண்ணிக்கை இல்லை. பங்குத்தந்தையரும் இளைஞர்களும் வீடு வீடாகக் கேட்டு, பெயர் பெயராக எழுதி, பட்டியலை எடுத்துக்கொண்டு அதிகாரிகளிடம் போனார்கள். அரசின் எண்ணும் ஊர்களின் எண்ணும் பல நாட்கள் ஒத்துப்போகவில்லை. மெல்ல மெல்ல அரசின் எண் ஊர்களின் எண்ணை நோக்கி நகர்ந்தது. வரிக்காக ஒருவரையொருவர் எண்ணிப் பழகிய ஊர்களால்தான் அப்படி எண்ண முடிந்தது.

காணாமல் போனவர் இறந்துவிட்டதாகக் கருத ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும் என்பது நாட்டின் பொதுச் சட்டம். புயலில் தொலைந்தவர்களுக்காக அரசு அதைத் தளர்த்தி இழப்பீடு கொடுத்தது. ஊரின் ஏட்டில் அப்படி ஆணை எதுவும் வரவில்லை. அடக்கம் செய்ய உடல் இல்லை, இறந்தோர் பதிவேட்டில் எழுத நாள் இல்லை. அடுத்த திருவிழாவுக்கு வரி எழுத உட்காரும் கமிட்டிக்காரர் பேனாவோடு அந்தப் பெயருக்கு வருகிறார். பெயரை அடித்தால் அவன் செத்துவிட்டான் என்று ஊர் எழுதியதாகும். அடிக்காவிட்டால் முழு வரி. அவன் மனைவி கைம்பெண் வரிசையில் சேர்ந்தால் பாதி வரி. ஆனால் அவள் இன்னும் தாலியைக் கழற்றவில்லை.